சேத்து வச்சத பூட்டி வைக்கிறதா, எடுத்து யூஸ் பண்றதா? (ரெக்கார்டு, கேசட், டிரஸ், ஃப்ளையர் எல்லாத்துக்கும் சேத்து ஒரே இழை)

பழைய_ஊசி எழுதியது:

என்கிட்ட வினைல் கொஞ்சம், கேசட் நிறைய, கான்சர்ட் ஃப்ளையர், ரசிகர்களே ஜெராக்ஸ் போட்டு கைக்கு கை மாத்துன சின்ன மியூசிக் பத்திரிகைங்க, அதோட 90கள்ல வந்த டிசைனர் ஜாக்கெட் ரெண்டு மூணு, பழைய ஸ்னீக்கர்னு சேந்து போச்சு. இத வச்சு என்ன பண்றதுன்னு கேட்டா ரெண்டு கட்சியா பிரிஞ்சு நிக்கிறாங்க. ஒரு கட்சி எல்லாத்தையும் கவர் போட்டு பெட்டிக்குள்ள தள்ளு, கை பட்டா மதிப்பு போச்சுங்குது. இன்னொரு கட்சி பாட்டுன்னா கேக்கறதுக்கு, சட்டைன்னா போடறதுக்கு, பூட்டி வச்சா இருந்தும் இல்லாத மாதிரிதான்னு சொல்லுது. நான் ரெண்டாவது கட்சி, இதுல மறைக்க ஒண்ணும் இல்ல. ஆனா எதிர்க்கட்சில விஷயம் தெரிஞ்சவங்க இங்க இருக்கீங்கன்னு தெரியும், அதான் கேக்கறேன், என்னை மாத்திக் காட்டுங்க பாக்கலாம்.

இன்னொண்ணு, இப்ப எவன பாத்தாலும் பழைய டிசைனர் துணிய "ஆர்க்கைவ் பீஸ்"னு போட்டு விக்கிறான். எந்த சீசன், யார்கிட்ட இருந்து வந்துச்சு, எங்க தச்சு ரிப்பேர் பண்ணிருக்குன்னு கேட்டா மெசேஜ படிச்சிட்டு பதிலே வராது. அந்த எரிச்சலும் சேந்துதான் இந்த இழை.

நூல்கண்டு எழுதியது:

நான் துணி கன்சர்வேஷன், அதாவது பழைய துணிய கெடாம பாதுகாக்கற வேலைல இருக்கறவ, அதனால என் பதில் என்னன்னு எல்லாருக்கும் முன்னாடியே தெரிஞ்சிருக்கும். போடாதீங்க.

துணி கெடறதுன்னா கிழியறது மட்டும்தான்னு நிறைய பேர் நினைக்கறாங்க. வியர்வை, தோல்ல இருக்க எண்ணெய், சென்ட், மேக்கப், உக்காந்து எந்திரிக்கும்போது தையல் மேல விழற இழுவை, இதெல்லாம் அன்னைக்கே கண்ணுக்கு தெரியாது, சில வருஷம் கழிச்சு அந்த இடம் மட்டும் மஞ்சளாகி நூல் விட்டுப்போகும்போதுதான் தெரியும், அப்ப ஒண்ணும் பண்ண முடியாது. வெளிச்சமும் அப்படித்தான். மியூசியத்துல துணி வைக்கிற ரூம் ஏன் அவ்ளோ இருட்டா இருக்குன்னு திட்டுவாங்க, வெளிச்சத்த லக்ஸ்னு அளப்பாங்க, பொதுவா 50 லக்ஸ் பக்கம்தான் வைப்பாங்க, அதுவும் சில மாசம் காட்டிட்டு திரும்ப உள்ள கொண்டு போயிடுவாங்க. ஏன்னா வெளிச்சத்தால வர்ற சேதம் கூடிக்கிட்டே போற கணக்கு, அதுல கழித்தலே கிடையாது.

2022 மெட் காலா, அதான் நியூயார்க் மெட் மியூசியத்துல நடக்கற ஃபேஷன் விழா, ஞாபகம் இருக்கா? 1962ல மர்லின் மன்றோ, கென்னடி பிறந்தநாள் விழா மேடைல பாடும்போது போட்ட கவுன கிம் கர்தாஷியன் போட்டுட்டு வந்தாங்க. அது ஒரு தனியார் கம்பெனி 2016ல 48 லட்சம் டாலருக்கு ஏலத்துல எடுத்தது. மன்றோ உடம்பு மேலயே வச்சு தச்ச அளவுக்கு டைட்டான, ரொம்ப மெல்லிசான பட்டு. கார்ப்பெட்ல கொஞ்ச நேரம் நடந்துட்டு காப்பிய மாத்திக்கிட்டாங்க, சேதம் எதுவும் இல்லன்னு உடைமைக்காரங்க சொன்னாங்க, அதெல்லாம் சரி. ஆனா சர்வதேச மியூசியம் கவுன்சிலே வெளிப்படையா அறிக்கை விட்டுச்சு, சரித்திர உடைய யாரும் போடக்கூடாது, யாரா இருந்தாலும்னு. எங்க தொழில்ல 80கள்லயே பேசி முடிச்ச விஷயம் இது.

கோட்_கலெக்டர் எழுதியது:

அக்கா மரியாதையோட சொல்றேன், மன்றோ கவுன் ஒண்ணே ஒண்ணு. இவர் ஜாக்கெட் அப்படி இல்ல. நூத்துக்கணக்குல தச்சு கடைல வித்தது. ரெண்டுக்கும் ஒரே சட்டம் போட்டா எப்படி?

இப்ப 20 வயசுல இருக்க பசங்களுக்கு ராஃப் சைமன்ஸ், ஹெல்மட் லாங் மாதிரி டிசைனர் எல்லாம் தெரியுதுன்னா அதுக்கு மியூசியம் காரணம் இல்ல. நியூயார்க்ல டேவிட் கசவான்ட்னு ஒருத்தர், டீன் ஏஜ்லயே இந்த ரெண்டு பேரோட துணிய தேடித்தேடி வாங்கி அப்புறம் அத வாடகைக்கு விட ஆரம்பிச்சார், கான்யே வெஸ்ட், ரியானா எல்லாம் அவர்கிட்ட இருந்து எடுத்து போட்டுதான் அந்த போட்டோ எல்லா இடத்துக்கும் போச்சு. சைமன்ஸ் 2022ல தன் பிராண்டையே மூடிட்டார், இனிமே புதுசு வராது. அந்த 2001 குளிர்கால கலெக்‌ஷன் பாமர் ஜாக்கெட் எல்லாம் பூட்டியே கிடந்திருந்தா இன்னைக்கு யார் பேசுவாங்க சொல்லுங்க. துணிக்கு உடம்பு வேணும். பொம்மை மேல மாட்டி வச்சா தோள் எப்படி விழுதுன்னுகூட தெரியாது.

அப்புறம் ஸ்னீக்கர். பழைய_ஊசி ப்ரோ, இத கண்டிப்பா கேளுங்க. அடில இருக்கறது பாலியூரிதேன்ங்கற பிளாஸ்டிக்னா பெட்டிய தொறக்காமயே வச்சிருந்தாலும் அது நொறுங்கும். காத்துல இருக்க ஈரமே அத உடைச்சிடும், சில ஜோடி 20 வருஷத்துக்குள்ள பிஸ்கட் மாதிரி உதிரும். அத பூட்டி வச்சு யாருக்கு லாபம்? போட்டு தேச்சுட்டு போங்க.

நூல்கண்டு எழுதியது:

> துணிக்கு உடம்பு வேணும்

இந்த வாக்கியத்த வாடகைக்கு விடறவங்கதான் அதிகமா சொல்றாங்க 🙂

பாலியூரிதேன் பத்தி சொன்னது உண்மை. 60கள்ல இருந்து வந்த பளபள கோட்டிங் துணி, பின்னாடி வந்த பொய்த்தோல் எல்லாத்துக்கும் இதே கதிதான், ஒட்டிக்கும், உரியும். அதுக்குத்தான் நாங்க குளிரா, காய்ஞ்ச காத்துல வைக்கறோம், நிறுத்த முடியாது, தள்ளிப்போடலாம். ஆனா சாகப்போற பொருள்னு தெரிஞ்சா செய்ய வேண்டிய வேலை தேய்க்கிறது இல்ல, அது முழுசா இருக்கும்போதே அளவு எடுத்து, எல்லா பக்கமும் போட்டோ எடுத்து, பேட்டர்ன் (துணி வெட்டற அச்சு) வரைஞ்சு வைக்கிறது. தோள் எப்படி விழுதுன்னு கேட்டீங்களே, அந்த பேட்டர்ன வச்சு ஒரு காப்பி தச்சு போட்டு பாருங்க, தெரியும்.

ஓரமா_உக்காந்தவன் எழுதியது:

இந்த சண்டைல அந்த ஹிப் ஹாப் குழு வூ டாங் க்ளான் எந்தப் பக்கம்? ஒரே ஒரு காப்பி ஆல்பம் போட்டு வித்தாங்களே.

பழைய_ஊசி எழுதியது:

அது சேகரிப்பே இல்ல ப்ரோ, சேகரிப்ப கிண்டல் பண்ண ஒரு வேலை, இல்லன்னா ரொம்ப சீரியஸா பண்ண வேலை, இன்னைக்கு வரை எனக்கு முடிவு பண்ண முடியல. 2015ல மார்ட்டின் ஷ்க்ரேலி, அதான் அந்த மருந்து விலைய ஏத்தி கெட்ட பேர் வாங்குன ஆள், 20 லட்சம் டாலர் குடுத்து வாங்கினான். 2018ல கோர்ட் பறிமுதல் பண்ணுச்சு, 2021ல அமெரிக்க அரசே அத ப்ளெஸர்டாவ்னு ஒரு குழுவுக்கு 40 லட்சத்துக்கு வித்துச்சு. 2103 வரைக்கும் வியாபாரமா வெளியிடக்கூடாதுன்னு ஒப்பந்தம். 2024ல டாஸ்மேனியால மோனா மியூசியத்துல சில நாள், கொஞ்சம் பேருக்கு, கொஞ்ச நேரம் கேக்க விட்டாங்க. ஓவியத்துக்கு இருக்க மரியாதை பாட்டுக்கு ஏன் இல்லன்னுதான் வூ டாங்கோட வாதம். எனக்கு அந்த வாதமே தலைகீழா படுது, பாட்டுக்கு ஒரிஜினல்னு ஒண்ணு தேவையில்லாம எல்லார் வீட்டுக்கும் ஒரே நேரத்துல போக முடிஞ்சதுதான் அதோட பெருமை, அத எதுக்கு ஓவியமா ஆக்கணும்.

டேப்பு_டாக்டர் எழுதியது:

லேட்டா வரேன். ஜாக்கெட் சண்டைக்குள்ள நான் வரல, கேசட் நிறையன்னு சொன்னீங்களே அங்க வரேன்.

"பாட்டுன்னா கேக்கறதுக்கு" கரெக்ட்தான், ஆனா காந்த டேப்ல ஒவ்வொரு தடவ ஓட்டும்போதும் கொஞ்சம் குடுத்துட்டுதான் போகுது. அதுவும் சரியில்லாத டெக்ல ஓட்டுனா நாடாவ மென்னு துப்பிடும். அதனால யூஸ் பண்றதா பூட்டறதாங்கற கேள்விக்கு டேப்ல மூணாவது வழி இருக்கு, ஒரு தடவ நல்லா ஓட்டி டிஜிட்டலா எடுத்துட்டு அப்புறம் தினம் கேக்க அந்த ஃபைல், ஒரிஜினல் ஓய்வுல.

எப்படின்னு கேப்பீங்க. முதல்ல கேசட்டுக்குள்ள இருக்க பிரஷர் பேட் பாருங்க, ஒரு சின்ன பஞ்சு, கோந்து காஞ்சு கழண்டிருக்கும், அது இல்லாம ஓட்டுனா சத்தம் அமுங்கி வரும். ஸ்க்ரூ போட்ட ஷெல்னா (வெளி பிளாஸ்டிக் கூடு) நாடாவ வேற ஷெல்லுக்கு மாத்திடலாம், ஒட்டுன ஷெல்னா பொறுமையா பொளக்கணும். அடுத்தது அசிமுத். இத யாரும் பண்ண மாட்டாங்க, ஆனா இதுதான் எல்லாமே. ரெக்கார்ட் பண்ண மெஷினோட ஹெட் எந்த கோணத்துல இருந்துச்சோ உங்க ஹெட்டையும் அந்த கோணத்துக்கு திருப்பணும், ஒவ்வொரு கேசட்டுக்கும் தனித்தனியா, காதால கேட்டு ஹை ஃப்ரீக்வென்சி எங்க நல்லா தொறக்குதோ அங்க நிறுத்தணும். இத பண்ணாம எடுத்துட்டு பின்னாடி சாஃப்ட்வேர்ல ட்ரெபிள் ஏத்துறவங்கள பாத்தா எனக்கு வயிறு எரியும். இரைச்சல குறைக்கற டால்பி போட்டு ரெக்கார்ட் பண்ணதான்னும் பாருங்க. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வேவ் ஃபைல், ஒலி ஆவணக்காரங்க உலகம் பூரா இதுதான் வச்சுக்கறாங்க. மாஸ்டர் ஃபைல்ல இரைச்சல எடுக்காதீங்க, கேக்கற காப்பில என்ன வேணா பண்ணிக்கோங்க.

ஸ்பூல் டேப் யார்கிட்டயாவது இருந்தா தனியா சொல்றேன். 70கள், 80கள்ல வந்த சில பிராண்டோட பைண்டர், அதான் காந்தத் தூள நாடால ஒட்டி வைக்கற பசை, ஈரத்த இழுத்து பிசுபிசுன்னு ஆயிடும், ஓட்டுனா கீச்சுன்னு கத்தும், ஹெட்ல பழுப்பா அப்பிக்கும். அத 54 டிகிரி செல்சியஸ் கிட்ட பல மணி நேரம் பேக் பண்ணா கொஞ்ச நாளைக்கு மட்டும் உயிர் வரும், அதுக்குள்ள காப்பி எடுத்துடணும். சமையல் அவன்ல ட்ரை பண்ணாதீங்க தயவு செஞ்சு. அசிடேட்ங்கற பிளாஸ்டிக்ல செஞ்ச டேப்ப பேக்கே பண்ணக்கூடாது, வீணாயிடும்.

கோட்_கலெக்டர் எழுதியது:

டப்ளேட்டுக்கு என்ன சொல்வீங்க டாக்டர்? அது தேயறதுக்குன்னே பொறந்தது.

டேப்பு_டாக்டர் எழுதியது:

நல்ல கேள்வி, இதுல மாட்டிக்கிட்டேன். தெரியாதவங்களுக்கு: அலுமினியத் தட்டு மேல மெல்லிசா லாக்கர் பூசி நேரா அதுலயே பாட்ட வெட்டுவாங்க, ஜமைக்கா சவுண்ட் சிஸ்டம்காரங்க ஒருத்தர ஒருத்தர் மேடைல ஜெயிக்க இது மாதிரி தனக்கு மட்டும்னு ஒரு வெர்ஷன் வெட்டிப்பாங்க, எதிராளிகிட்ட இருக்காது. ஊசி ஓட ஓட ஹை ஃப்ரீக்வென்சி தேஞ்சு கொஞ்ச நாள்ல வெறும் சீறல்தான் மிஞ்சும். அத பூட்டி வச்சா அதோட வேலையே நடக்காது, ஓட்டுனா பொருளே இருக்காது. நான் என்ன பண்ணுவேன்னா ஒரு தடவ சுத்தமா எடுப்பேன், எடுத்துட்டு தட்ட அப்படியே வைப்பேன், தேய்மானத்தோட. எந்த இடத்துல அதிகமா தேஞ்சிருக்கோ அந்த இடத்ததான் கூட்டம் திரும்பத் திரும்ப கேட்டிருக்கு, அதுவும் ஒரு தகவல்தான?

பிட்டழுகல் எழுதியது:

எல்லாரும் டிஜிட்டலா எடுத்துட்டா முடிஞ்சதுன்னு பேசறீங்க பாருங்க, அங்கதான் என் வேலையே ஆரம்பிக்குது.

2019ல மைஸ்பேஸ்ங்கற பழைய சோஷியல் மீடியா தளம், சர்வர் மாத்தும்போது 2015க்கு முன்னாடி ஏத்துன பாட்டெல்லாம் போச்சுன்னு சாதாரணமா ஒரு அறிவிப்பு போட்டுச்சு. 12 வருஷ பாட்டு, 1 கோடியே 40 லட்சம் கலைஞர்களோட 5 கோடி பாட்டு வரைக்கும் இருக்கும்னு அப்ப செய்தி வந்துச்சு. அதுல திரும்ப கிடைச்சது சுமார் 4,90,000 பாட்டு, அதுவும் எப்படின்னா ஏதோ ஆராய்ச்சிக்காக 2010க்கு முன்னாடியே சிலர் இறக்கி வச்சிருந்தாங்க, அத இன்டர்நெட் ஆர்க்கைவ்ங்கற இலவச இணைய நூலகத்துகிட்ட குடுத்தாங்க. அந்தக் கலைஞர்கள்ல முக்கால்வாசி பேர்கிட்ட வேற காப்பியே இருந்திருக்காது, ஏன்னா ஏத்தியாச்சுல்ல, அங்க இருக்கும்னு நம்பிருப்பாங்க.

வாட்.சிடி தெரியுமா யாருக்காவது? 2007ல ஆரம்பிச்சு 2016 நவம்பர்ல ஒரே நாள்ல இழுத்து மூடுன தனியார் டாரன்ட் தளம், உறுப்பினர்கள் மட்டும் பாட்டு ஃபைல பகிர்ந்துக்கற இடம். திருட்டுதான், இல்லன்னு சொல்லல. ஆனா எந்த லைப்ரரிலயும் இல்லாத ஒழுங்கு அங்க இருந்துச்சு, எந்த பிரஸ்ஸிங் (எந்தத் தடவ அச்சடிச்ச தட்டு), எந்த வருஷம், எந்த ரிப்பர்ல (சிடில இருந்து பாட்ட எடுக்கற சாஃப்ட்வேர்) எடுத்தது, எடுத்ததுக்கான லாக் ஃபைல் எங்க, தப்பா ஏத்துனா உறுப்பினர்களே அடிச்சு துரத்துவாங்க. மூடுன அன்னைக்கு பாட்டு போனத விட அந்த கேட்டலாக் போனதுதான் எனக்கு இன்னும் ஆறல. பாட்டு யார் ஹார்ட் டிஸ்க்லயாவது இருக்கும், எதுக்கு எது சொந்தம்ங்கற கணக்கு இல்ல.

பெரிய கம்பெனிங்க பாத்துப்பாங்கன்னும் நினைக்காதீங்க. 2008 ஜூன் 1ஆம் தேதி யூனிவர்சல் ஸ்டுடியோ வளாகத்துல தீப்பிடிச்சுது, வீடியோ கிடங்கு எரிஞ்சுதுன்னுதான் அன்னைக்கு வெளில சொன்னாங்க. அங்க மியூசிக் மாஸ்டர் டேப்பும், அதான் முதல்முதல்ல பதிவு பண்ண ஒரிஜினலும், இருந்துச்சுன்னு நியூயார்க் டைம்ஸ் விரிவா எழுதுனது 2019ல. எவ்ளோ போச்சுங்கறதுல கம்பெனிக்கும் பத்திரிகைக்கும் தகராறு, ஆனா 11 வருஷம் கலைஞர்களுக்கே தெரியாம இருந்துச்சுங்கறது எவ்ளோ கொடுமை.

அதனால பழைய_ஊசி அண்ணா, எத்தன ஃபைல் எடுத்தாலும் மூணு காப்பி, ரெண்டு வேற வேற மாதிரி மீடியால, ஒண்ணு வேற இடத்துல. ஒவ்வொரு ஃபைலுக்கும் செக்சம் (ஃபைல் துளி மாறினாலும் மாறிடற ஒரு அடையாள எண்) எடுத்து வச்சு வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஒப்பிட்டு பாருங்க. சிடில எழுதி வச்சிருக்கேன்னு மட்டும் சொல்லாதீங்க, அந்த சாயம் மங்கிடும்.

வெள்ளைச்சுவர் எழுதியது:

கலைப் பக்கத்துல இருந்து நான் வரேன், ஏன்னா நீங்க எல்லாரும் பொருள காப்பாத்துறதா வேண்டாமான்னே பேசிக்கிட்டு இருக்கீங்க, எங்க உலகத்துல பொருளே மாறிப்போயும் படைப்பு அதேதான்னு ஒத்துக்க வேண்டிய நிலைமை எப்பவோ வந்துடுச்சு.

டேமியன் ஹர்ஸ்ட்ங்கற கலைஞர் 1991ல ஒரு படைப்பா ஃபார்மலின்ல போட்ட சுறா அழுக ஆரம்பிச்சுது, சரியா பதப்படுத்தல. 2006ல வேற சுறா வச்சாங்க. அதே படைப்பா? வாங்குனவர் ஆமான்னார், கலைஞரும் ஆமான்னார். வீடியோ கலைஞர் நாம் ஜூன் பைக் 1988ல கொரியால தேசிய மியூசியத்துக்காக 1,003 டிவி அடுக்கி ஒரு கோபுரம் கட்டுனார், எல்லாம் குண்டு பிக்சர் ட்யூப் டிவி, அத இப்ப யாரும் செய்யறதில்ல. 2018ல பாதுகாப்பு இல்லன்னு அணைச்சுட்டாங்க. 2022ல திரும்ப ஓடுச்சு, 737 ட்யூப் டிவிய ரிப்பேர் பண்ணி, மீதி 266க்கு தட்டை ஸ்க்ரீன ட்யூப் டிவி கூட்டுக்குள்ளயே பொருத்தி. எல்லாத்தையும் எல்இடியா மாத்திருந்தா ஈசி, ஆனா அந்த வளைஞ்ச கண்ணாடியும் அதோட வெளிச்சமும் போயிருக்கும். எத மாத்தலாம் எத மாத்தக்கூடாதுங்கறத யாராவது எழுதி வச்சிருந்தாதான் இந்த முடிவ எடுக்க முடியும். அதான் இப்ப மியூசியங்கள் கலைஞர் உயிரோட இருக்கும்போதே உக்கார வச்சு கேள்வி கேட்டு பதிவு பண்ணிடறாங்க, பல்பு ஃப்யூஸ் போச்சுன்னா என்ன செய்யறது, அந்த கம்பெனியே இல்லன்னா என்ன செய்யறதுன்னு.

இப்ப உங்க ஃப்ளையருக்கு வரேன். 70கள் கடைசி, 80கள் ஆரம்பத்துல நியூயார்க் பிராங்ஸ்ல நடந்த ஹிப் ஹாப் பார்ட்டிகளுக்கு படி எஸ்கொயர்னு ஒருத்தர் கையால வரைஞ்ச ஃப்ளையர் எல்லாம் இன்னைக்கு கார்னெல் யுனிவர்சிட்டி லைப்ரரில இருக்கு, அந்த ஹிப் ஹாப் சேகரிப்பு 2007ல ஆரம்பிச்சது. அந்தக் காலத்துல பெரும்பாலான பார்ட்டிய யாரும் பதிவு பண்ணி வைக்கல. யார் எங்க எந்த தேதில யார் கூட ஆடுனாங்கங்கறதுக்கு ஃப்ளையர்தான் சாட்சி. போட்டுட்டு தூக்கிப்போட அடிச்ச காகிதம். நீங்க ஜாக்கெட்ட பத்தி கவலைப்படறீங்க, எனக்கு கேட்டா உங்க மொத்த குவியல்ல மாத்தே இல்லாதது அந்த ஃப்ளையரும் ஜெராக்ஸ் பத்திரிகையும்தான்.

பழைய_ஊசி எழுதியது:

இது நான் எதிர்பாக்காத பக்கம். ஆனா எழுதி வைக்கணும், எழுதி வைக்கணும்னே எல்லாரும் வர்றீங்க. சேக்கறதுல இருக்க சுகமே லிஸ்ட் போட ஆரம்பிச்சா போயிடும்ங்க. பாப் ஆர்ட் ஓவியர் ஆண்டி வார்ஹோல் என்ன பண்ணார்? 1974ல இருந்து சாகற வரைக்கும் மேஜை மேல இருந்தத எல்லாம் அட்டைப்பெட்டில வழிச்சுப் போட்டு மூடி தேதி போட்டார், 610 பெட்டி. லெட்டர், போட்டோ, டிக்கெட், மம்மியோட கால் ஒண்ணு உள்பட. லிஸ்டும் இல்ல ஒண்ணும் இல்ல, இன்னைக்கு அது படைப்பு.

வெள்ளைச்சுவர் எழுதியது:

லிஸ்ட் இல்லாம இல்ல, அவர் போடல, அவ்ளோதான். பிட்ஸ்பர்க்ல அவர் பேர்ல இருக்க மியூசியத்துல ஆளுங்க வருஷக்கணக்கா ஒவ்வொரு பெட்டியா பிரிச்சு ஒவ்வொரு துண்டையும் எழுதுனாங்க. உங்க பெட்டிய பிரிச்சு எழுத உங்க பேர்ல மியூசியம் வருமா சொல்லுங்க 😄 பெட்டி மேல தேதியாவது போட்டார் பாருங்க, அதையே நம்மள்ல பாதி பேர் பண்றதில்ல.

கோட்_கலெக்டர் எழுதியது:

யார் முடிவு பண்றதுங்கறதுதான் எனக்கு உறுத்துது. ஹெல்மட் லாங் தன் துணிய 2009 வாக்குல உலகம் பூரா மியூசியங்களுக்கு குடுத்தார். அடுத்த வருஷம் அவர் ஸ்டுடியோ இருந்த கட்டடத்துல தீ. அதுக்கப்புறம் மிச்சம் இருந்த சுமார் 6,000 துணிய அவரே மெஷின்ல போட்டு நார் நாரா கிழிச்சு, பிசின் ஊத்தி தூண் தூணா சிற்பம் பண்ணிட்டார். 2011ல கண்காட்சியும் வச்சார். அந்தத் துணில ஒண்ணுக்காக நாங்க ராத்திரி பூரா ஏலம் பாத்துட்டு இருப்போம், அந்த மனுஷன் கிழிச்சு எறியறார். அக்கா, கன்சர்வேஷன் பார்வைல இது குத்தமா?

நூல்கண்டு எழுதியது:

இல்ல. அவரோடது, அவர் கிழிச்சார். அதுவும் மியூசியத்துக்கு குடுத்துட்டு மிச்சத்த. எனக்கு தூக்கம் வராது, அது வேற.

நான் சண்டை போடறது வேற ஆளோட. ஃபேஷன் வீடுங்க ரொம்ப நாள் தங்களோட பழைய துணிய மதிக்கவே இல்ல, அடுத்த சீசன் வந்தா முந்தினது குப்பை. அசெடின் அலாயாங்கற டிசைனர் 1968ல பலென்சியாகாங்கற ஃபேஷன் வீட்ட மூடும்போது அங்கிருந்த துணிய வெட்டி வேற ஏதாவது தைக்கலாம்னு எடுத்துட்டு வந்து, அந்தத் தையல பாத்துட்டு வெட்ட மனசு வராம வச்சார்னு சொல்வாங்க. அங்க ஆரம்பிச்சு சாகற வரைக்கும், 2017 வரைக்கும், சுமார் 20,000 உருப்படி. மத்தவங்க டிசைன் பண்ணது. யாருக்கும் காட்டல. அவர் இல்லன்னா அதுல பாதி இன்னைக்கு இருக்காது.

பிட்டழுகல் எழுதியது:

ஆனா யாருக்கும் காட்டலன்னு நீங்களே சொல்றீங்க. அம்பது வருஷம் எந்த மாணவரும் தொட்டு பாக்கல. இதுக்கும் வூ டாங் பெட்டிக்கும் என்ன வித்தியாசம்?

நூல்கண்டு எழுதியது:

அவர் பாத்தார். தினமும் தைக்கற ஒருத்தர் பாத்தார். அதுவும் ஒரு பயன்பாடுதான், போடறது மட்டும்தான் யூஸ்னு யார் சொன்னது? அப்புறம் இப்ப ஃபவுண்டேஷன் வச்சு காட்டறாங்க, 2023ல பாரிஸ்ல பெரிய கண்காட்சியே நடந்துச்சு. ஆனா உங்க கேள்வில நியாயம் இருக்கு, நடுவுல போன அம்பது வருஷத்துக்கு என்கிட்ட பதில் இல்ல.

ஓரமா_உக்காந்தவன் எழுதியது:

பணக்காரங்க கதையாவே போகுது. சம்பளக்காரங்க யாரும் சேக்கலயா?

வெள்ளைச்சுவர் எழுதியது:

சேத்தாங்க. ஹெர்ப், டோரதி வோகல்னு ஒரு புருஷன் பொண்டாட்டி. நியூயார்க்ல அவர் போஸ்ட் ஆபீஸ் க்ளார்க், அவங்க லைப்ரரியன். அவங்க சம்பளத்துல குடும்பம், அவர் சம்பளத்துல ஓவியம், சிற்பம். வாங்கறதுக்கு வச்சிருந்த விதி ரொம்ப எளிசு, காசு கட்டுபடியாகணும், அந்த சின்ன அபார்ட்மென்ட்டுக்குள்ள அடங்கணும். அப்படியே 4,000க்கு மேல சேந்துச்சு, பேர் தெரியாத காலத்துல வாங்குனதால பின்னாடி பெரிய மதிப்பு, ஆனா விக்கல. 1992ல வாஷிங்டன் நேஷனல் கேலரிக்கு குடுத்தாங்க. அவ்ளோத்தையும் ஒரே இடம் தாங்காதுன்னு 2008ல 50 மாகாணத்துக்கும் மாகாணத்துக்கு 50ன்னு 2,500 படைப்ப பிரிச்சு குடுத்தாங்க. எனக்கு அந்தக் கடைசி முடிவுதான் ரொம்ப பிடிக்கும், ஒரே கட்டடத்துல பேர் போட்டு வைக்காம எல்லா பக்கமும் போகட்டும்னு விட்டாங்க.

டேப்பு_டாக்டர் எழுதியது:

பூட்டவும் வேணாம் தேய்க்கவும் வேணாம்னு ஒரு நல்ல உதாரணம் சிகாகோல இருக்கு. ஃப்ரான்கி நக்கிள்ஸ், ஹவுஸ் மியூசிக்க வளத்தவர், 2014ல போனார். அவர் ரெக்கார்டு மொத்தமும், சுமார் 5,000, தியாஸ்டர் கேட்ஸ்ங்கற கலைஞர் ஒரு பழைய பாழடைஞ்ச பேங்க் கட்டடத்த 1 டாலருக்கு நகராட்சிகிட்ட வாங்கி சரி பண்ண இடத்துக்கு வந்துச்சு. 2015ல தொறந்தாங்க. அங்க டிஜே வந்து அந்த ரெக்கார்ட போடறாங்க, ஜனம் கேக்குது, ஒரு பக்கம் டிஜிட்டலா எடுக்கறாங்க. உறைல அவர் கைப்பட எழுதுன குறிப்பு இருக்கறதெல்லாம் அப்படியே இருக்கு.

நூல்கண்டு எழுதியது:

எங்க பக்கத்துலயும் கதவு தொறக்குது, அத சொல்லாம போனா நான் வில்லியாவே நிப்பேன். லண்டன்ல வி அண்ட் ஏ மியூசியம் 2025 மே மாசம் தன் கிடங்கையே பொதுமக்களுக்கு தொறந்துச்சு. யார் வேணா முன்கூட்டியே புக் பண்ணி அஞ்சு பொருள் வரைக்கும் வெளில எடுத்து காட்ட சொல்லலாம், காரணம் சொல்ல வேண்டியதில்ல, ஆராய்ச்சியாளரா இருக்க வேண்டியதில்ல. அதே இடத்துலதான் பாடகர் டேவிட் போவியோட ஆர்க்கைவும் செப்டம்பர்ல வந்துச்சு, 90,000 உருப்படி. மேடை டிரஸ்ல இருந்து கையெழுத்து பாட்டு வரி வரைக்கும். போவி எதையும் தூக்கிப் போடாத ஆளு, ஆனா ஒழுங்கா வச்ச ஆளு, அதனாலதான் இது முடிஞ்சுது.

பழைய_ஊசி எழுதியது:

சரி, பாதி வழி வந்துட்டேன். ஸ்னீக்கர போட்டு தேக்கப் போறேன், இதுல அக்கா பேச்ச கேக்கல, ஆனா போட்டோ எடுத்துடறேன். ஜாக்கெட்ல ஒண்ண போடுவேன். மார்ஜியேலாங்கற பிராண்டோட ஜாக்கெட் ஒண்ணு இருக்கு, அதுல நம்பர் வட்டம் போட்ட லேபிள் இல்ல, வெறும் வெள்ளைத் துண்டு, நாலு தையல். அத என்ன பண்ண?

கோட்_கலெக்டர் எழுதியது:

ப்ரோ அத போடாதீங்க!!! 0 முதல் 23 வரை நம்பர் போட்ட லேபிள் 1997லதான் வந்துச்சு, அதுக்கு முன்னாடி எல்லாமே வெறும் வெள்ளைதான். பின்னாடி வந்தாலும் மெயின் லேடீஸ் லைனுக்கு வெறும் வெள்ளையே இருக்கும், அதனால உள்ள தையல்ல இருக்க சின்ன லேபிளையும் போட்டோ எடுத்து தனி மெசேஜ் போடுங்க. வெளில தெரியற அந்த நாலு வெள்ளை நூல தயவு செஞ்சு வெட்டிடாதீங்க, தெரியாம நிறைய பேர் புது டிரஸ் நூல்னு பிரிச்சு எடுத்துடறாங்க.

நூல்கண்டு எழுதியது:

> ப்ரோ அத போடாதீங்க!!!

இத ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஃப்ரேம் போடப் போறேன்.

பழைய_ஊசி எழுதியது:

😂 சரி கடைசியா ஒரு கேள்வி. ஃப்ளையர், பத்திரிகை எல்லாம் ஏதாவது லைப்ரரிக்கு குடுத்தா வாங்கிப்பாங்களா? அப்புறம் ஸ்கேன் பண்ணி நெட்ல போட்டா பிரச்சினை வருமா?

பிட்டழுகல் எழுதியது:

பொருள் உங்களோடதுன்னா உரிமையும் உங்களோடதுன்னு ஆகாது, வரைஞ்சவருக்கும் பாடுனவருக்கும் இருக்கு. இன்டர்நெட் ஆர்க்கைவ் பழைய 78 ஆர்பிஎம் தட்ட லட்சக்கணக்குல டிஜிட்டலா எடுத்து போட்டதுக்கே 2023ல பெரிய ரெக்கார்டு கம்பெனிங்க கேஸ் போட்டுச்சு, 2025ல சமரசம் ஆச்சு. ஃப்ளையருக்கு யாரும் கேஸ் போட வர மாட்டாங்க பெரும்பாலும், ஆனா வரைஞ்சவர் உயிரோட இருந்தா தேடிப்பிடிச்சு ஒரு வார்த்தை கேளுங்க, சட்டத்துக்காக இல்ல, அவருக்கு தெரிஞ்ச கதையும் சேந்து கிடைக்கும். அவ்ளோ கஷ்டப்பட்டு எழுத வேணாம்னா டிஸ்காக்ஸ் மாதிரி ரெக்கார்டு விவரம் தொகுக்கற தளத்துல ரெக்கார்டு விவரத்த மட்டுமாவது ஏத்துங்க, அது 2000ல ஒரே ஒரு ரசிகர் ஆரம்பிச்சதுதான். தட்டு நடுவுல ரன்அவுட்ல, அதான் பாட்டு முடிஞ்சு லேபிளுக்கு முன்னாடி இருக்க வெத்து இடத்துல, கீறிருக்க மேட்ரிக்ஸ் நம்பர் விடாம போடுங்க, அதுதான் எந்த பிரஸ்ஸிங்னு சொல்லும்.

வெள்ளைச்சுவர் எழுதியது:

லைப்ரரி விஷயம்: கேக்காம பெட்டிய கொண்டு போய் இறக்கிடாதீங்க. அவங்களுக்கு இடமும் ஆளும்தான் பஞ்சம், பொருள் இல்ல. முதல்ல ஒரு பக்கத்துக்கு என்ன இருக்கு, எந்த வருஷத்துல இருந்து எந்த வருஷம், எப்படி உங்க கைக்கு வந்துச்சுன்னு எழுதி அனுப்புங்க, நாலஞ்சு போட்டோ போதும். ஏற்கனவே அவங்ககிட்ட இருக்கறதுன்னா வேணாம்னுடுவாங்க, அதுக்கு கோச்சுக்காதீங்க. பிரிச்சு விக்கறதா இருந்தா மட்டும் அதுக்கு முன்னாடி மொத்தத்தையும் ஒண்ணா வச்சு போட்டோ எடுத்துடுங்க, எது எது பக்கத்துல இருந்துச்சுங்கறது ஒரு தடவ போனா போனதுதான்.

நூல்கண்டு எழுதியது:

ஃப்ளையர மலிவு பிவிசி கவர்ல போடாதீங்க, ஜெராக்ஸ் மை கவர்லயே ஒட்டிட்டு வந்துடும். பாலியஸ்டர் இல்ல பாலிப்ரொப்பிலீன் கவர் கேட்டு வாங்குங்க. செலோடேப் கூடவே கூடாது. தகவல் எழுதணும்னா பேனா வேணாம், மென்மையான பென்சில்ல, பின்பக்கம், ஓரத்துல, அழுத்தாம.

பழைய_ஊசி எழுதியது:

பின்பக்கமும் அச்சடிச்சிருந்தா?

நூல்கண்டு எழுதியது:

அப்ப கவருக்குள்ள அமிலம் இல்லாத காகிதத்துல தனி சீட்டு எழுதி, நம்பர் போட்டு வைங்க, கவர் மேலயும் அதே நம்பர்.